லாஸ்பேட்டையில் ஔ பட்ட பாடு

ஆட்டோ நின்ற இடத்தில் பெரிய இரும்பு கேட் ஒன்றும், அதன் பின்னால் வரிசையாக லாரிகளும் இருந்தன. காற்றில் பிளாஸ்டிக் உருகும் வாடை. மூன்று நாட்டு அரசாங்கங்கள் புதுச்சேரியில் கூடிப் பேசும் இடம் இப்படியா இருக்கும் என்று ஓட்டுநரைப் பார்த்தேன்.

"எறங்குங்கம்மா, மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்துட்டோம்" என்றார்.

"நான் காலேஜுக்கு இல்ல போகணும்?"

"காலேஜுன்னு எப்ப சொன்னீங்க? கம்ப்யூட்டரு மீட்டிங்குன்னீங்க. இங்கதான் கம்ப்யூட்டரு பொட்டி செய்யறாங்க. எங்க மச்சான்கூட உள்ள வேல செய்றான், கூப்புடட்டா?"

மச்சானைக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சி, காலேஜ் லாஸ்பேட்டையில் இருக்கிறது என்று தாளை எடுத்துக் காட்டினேன். "அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒக்காருங்க, போயிட்டு வந்துடலாம்" என்றார். எனக்குப் போனால் போதும், வர வேண்டாம். வழியெல்லாம் மாணவர்கள் ஸ்கூட்டரில் மூன்று மூன்று பேராக எங்களை முந்திக்கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் நான் ஏறும் பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பது பேருந்துக்கே தெரியும். இங்கே எனக்கும் தெரியவில்லை, ஆட்டோவுக்கும் தெரியவில்லை.

நான் பயந்த சுபாவக்காரி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளைச் சிங்கப்பூர் அரசாங்கத்தின் சார்பில் தனியாக அனுப்பிவைத்த என் மேலதிகாரியை என்னவென்று சொல்வது. அவர் சொல்லி அனுப்பியது ஒரே வாக்கியம்: "கௌரி, மற்ற இருவரும் எதற்கு ஒத்துக்கொள்கிறார்களோ, அதற்குத் தலையாட்டிவிட்டு வா."

அப்போதெல்லாம் டொமைன் என்று சொல்லப்படும் இணைய முகவரிகள் ஆங்கில எழுத்தில் மட்டும்தான் இருந்தன. இனிமேல் அவரவர் மொழியிலும் வைத்துக்கொள்ளலாம் என்று உலக அளவில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. தமிழுக்கு முகவரி வேண்டுமென்றால், தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து, முகவரிகளை நிர்வகிக்கும் உலக அமைப்புக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அதைத் தயார் செய்யத்தான் புதுச்சேரியில் நான்கு நாள் கூட்டம். கடிதம் போக வேண்டிய கடைசி நாள், கூட்டத்தின் கடைசி நாளேதான். அதற்குள் எது முடிகிறதோ அது மட்டும் போகும்.

மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார்கள். முதல் தாள், முகவரிகளில் எந்தெந்தத் தமிழ் எழுத்துகளை அனுமதிக்கலாம் என்ற அட்டவணை. இரண்டாவது தாளில் நான்கே வரிகள். எந்தத் தமிழ் முகவரியையும் அந்தந்த நாட்டு அரசாங்க அலுவலகம் மறுக்கலாம், கொடுத்ததையும் ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தில்லியிலிருந்து வந்திருந்த சாப்ரா என்ற அதிகாரி அதை எழுதிக் கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர். தாமதமாக வந்த எனக்கு எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டவர் அவர்தான். வீட்டு வாசலில் ஒரு காவல்காரர் இருப்பது போல இதுவும் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னார்.

இலங்கையிலிருந்து வந்திருந்தவர் பேராசிரியர் சிவபாதம். ஒல்லியான மனிதர், கழுத்து வரை சட்டைப் பொத்தான் போட்டிருந்தார். முதல் நாள் முழுக்க அவர் வாயைத் திறந்தது சாம்பார் சாதத்துக்கு மட்டும்தான். தலைமை தாங்கியவர் கல்லூரி முதல்வர் இளவழகன். தமிழாசிரியராக இருந்து முதல்வர் ஆனவர். ஆரம்பத்திலேயே அவர் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார்.

"கடைசி நாளு, வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த ஹால்ல பசங்களுக்கு பரீட்சங்க. யுனிவர்சிட்டி பரீட்ச, நானே நெனச்சாலும் மாத்த முடியாது. அதுக்குள்ள முடிச்சிக் குடுத்துடணும்."

எல்லோரும் சிரித்தோம். இரண்டு தாளுக்கு நான்கு நாளா என்று எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது.

நான் தங்கியிருந்த வீடு கடற்கரைக்கு இரண்டு வீதி தள்ளி இருந்தது. வீட்டுக்காரர் மதாம் ரெஜினா, ஐம்பது வயது சொல்லலாம். மேல்மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். காலையில் நீளமான ரொட்டியும் வெண்ணெயும் மீன்குழம்பும் ஒரே தட்டில் வைத்து, எதை எதோடு தின்பது என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிடுவார். எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். பெயர்களை அரசாங்கம் கையில் வைத்துக்கொள்வது பற்றிய பேச்சுவார்த்தை என்று எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன்.

"அது இந்த ஊருக்குப் புதுசா என்னா? எங்க மாமனாரோட அப்பாரு எத்தா சிவில்ல பேரு பதியப் போனாரு. ஒக்காந்திருந்த தொரைக்குக் காதுல சரியா வுழல. அவன் என்னா எழுதினானோ அதான் பேரு. நாங்க சொல்ற பேரு வேற, பேப்பர்ல இருக்கற பேரு வேற. எங்க வூட்டுக்காரரு செத்தப்ப கல்லுல அந்தப் பேரத்தான் வெட்னாங்க. அதுக்கு இன்னா அர்த்தம்னு இன்னி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

பிறப்பும் இறப்பும் பதிகிற பிரெஞ்சுக்காலத்து அலுவலகத்தைத்தான் அவர் எத்தா சிவில் என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு ரொட்டி வைத்தார். எனக்கு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் விருந்தினர்களுக்கு உபசாரம் என்று நோணாங்குப்பத்துக்குப் படகுச் சவாரி அழைத்துப் போனார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லாததால், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். சாப்ராவும் மற்றவர்களும் முன்னால் பெரிய படகில் போய்விட்டார்கள். சின்னப் படகில் நானும் சிவபாதமும் ஓட்டுபவரும்தான். நட்ட நடுத் தண்ணீரில் எஞ்சின் இருமி நின்றது.

"பயப்படாதீங்க மேடம், இடுப்பளவு தண்ணிதான். வேற போட்டு வரும், கயிறு கட்டி இழுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, படகோட்டி எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

இடுப்பளவு என்றால் யாருடைய இடுப்பு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சிவபாதம் பேச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, அந்த ரெண்டாவது தாளை வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சேன் சார்."

"என்ர அக்கா வவுனியாவில இருக்கிறா. காணாமல் போன ஆக்களைத் தேடுறதுக்கு இன்ரநெற்றில ஒரு பக்கம் வைச்சிருக்கிறா. பேரும் படமும். முதலாவதா இருக்கிறது அவவின்ர மகன். கடைக்குப் போனவன், வரேல்லை."

யுத்தம் இன்னும் முடிந்திருக்காத காலம் அது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த அட்ரஸ் ஒருநாள் காலமை இல்லாமல் போச்சுது. ஆர் எடுத்தது, ஏன் எடுத்தது, ஒருத்தரும் சொல்லேல்லை. பிறகு வேற பேரில திறந்தவ. அதுவும் எவ்வளவு காலத்துக்கோ தெரியாது. தமிழில பேர் வந்தால் அவன்ர பேரிலயே வைப்பன் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறா. இந்த நாலு வரியும் கடிதத்தில போச்சுதெண்டால், பிறகு வேற இடம் தேடிப் போக இடமே இல்லை."

"நீங்க எதிர்த்துப் பேசலாமே சார்?"

"எனக்குக் கையைத் தூக்கச் சொல்லி விட்டிருக்கினம். தூக்கத்தான் வேணும். எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

எனக்குத் தலையாட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நானும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவி செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். இன்னொரு படகு வந்து எங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தது. அன்றைக்கு எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முதல் தாளைக் கையெழுத்துக்கு வைத்தார்கள். உயிர் எழுத்து, மெய் எழுத்து, எல்லாம் ஆயிற்று. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று முதல்வர் ஒப்புக்குக் கேட்டார். சிவபாதம் கையைத் தூக்கினார்.

"ஔ" என்றார்.

விஷயம் இதுதான். ஔ என்பது ஓர் எழுத்து. ஒ போட்டு அதன் பக்கத்தில் ள போட்டால் அது இரண்டு எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தமிழர்களில் பாதிப் பேர் தட்டச்சு செய்யும்போது இதில் எதைத் தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டுகிறார்கள். ஒருவர் ஔவில் முகவரி வாங்கினால், அதே தோற்றத்தில் வேறொருவர் ஒ, ள சேர்த்து இன்னொன்று வாங்கி ஊரை ஏமாற்றலாம்.

"அப்ப ஒவுக்குப் பக்கத்துல ள வரக் கூடாதுன்னு ஒரு ரூல் போட்டுட்டா முடிஞ்சிதுங்களே" என்றார் முதல்வர்.

"ஒளி எண்ட சொல்லுக்கு என்ன செய்யிறது? ஒவுக்குப் பக்கத்தில ளிதானே வருது. ஒளியை அணைச்சுப்போடுவமோ?"

முதல்வருக்குள் இருந்த தமிழாசிரியர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சரி, சொல்லின் முதலில் ஔ இருக்கட்டும், ஆனால் கௌ, சௌ எல்லாம் என்ன ஆகும் என்று அவரே கேட்டார். இதற்காகவே காத்திருந்தது போல சிவபாதம் என் பக்கம் கையை நீட்டினார்.

"இஞ்ச இருக்கிற கௌரி அம்மாவும், கெ போட்டு ள போட்டு எழுதுற கெளரி அம்மாவும் ரெண்டு பேரோ, ஒராளோ? கெவுக்குப் பிறகு ள வரக் கூடாதெண்டால், கெளுத்தி மீன் விக்கிறவன் இன்ரநெற்றுக்கே வரக் கூடாதோ?"

அவ்வளவுதான். இந்த ஊரில் கெளுத்தியைத் தொட்டால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பின்வரிசையில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த தமிழ்த்துறை ஆசிரியர்கள் எல்லாம் முன்னால் வந்துவிட்டார்கள். அவ் என்று எழுதினால் போதும், ஔவே வேண்டாம் என்று ஒரு கட்சி. ஔவை எடுத்தால் தீக்குளிப்போம் என்று ஒரு கட்சி. சாப்ரா முதலில் முகம் மலர்ந்து, "பார்த்தீர்களா, இதற்குத்தான் ஒரு காவல்காரர் வேண்டும் என்கிறேன்" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நெற்றியில் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் வரை ஓர் எழுத்து நகரவில்லை.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மகனைப் பற்றி அப்படிச் சொன்ன மனிதர், இங்கே எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே! தமிழர்கள் கூடிய எந்தக் கூட்டம் எழுத்துச் சண்டை இல்லாமல் முடிந்திருக்கிறது? சிங்கப்பூரில் ஒரு பெயர்ப்பலகையில் ஒற்று மிகுமா மிகாதா என்று நடந்த சண்டையில் அந்தக் கட்டடமே திறப்புவிழா இல்லாமல் திறந்தது.

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துக் கடையில் சிவபாதம் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"ஒரு எழுத்துக்கு ஒரு நாளா சார்? அந்த ரெண்டாவது தாளுக்கு ஏதாவது வழி கண்டுபிடிப்பீங்கன்னு பார்த்தா, இப்படி நேரத்தை வீணாக்கறீங்களே. உங்க அக்காகிட்ட போய் என்ன சொல்வீங்க?"

அவர் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் நனைத்தார். அவசரமே இல்லை.

"நாளைக்கு மத்தியானம் பிள்ளையளுக்குச் சோதினை எல்லோ, தங்கச்சி?"

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முதல் தாள் முடியாமல் இரண்டாவது தாளை எடுக்க முடியாது. முதல் தாள் முடியும் நேரத்தில் பரீட்சைக்கு மணி அடித்துவிட்டால், எழுத்து அட்டவணை மட்டும்தான் கடிதத்தில் போகும். அவர் எதையும் எதிர்க்கவில்லை. கையைத் தூக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. தமிழர்களை எழுத்தைப் பற்றிப் பேச விட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதில் யாரும் சந்தேகப்பட இடமே இல்லை. நானே சந்தேகப்படவில்லையே!

"காலமை ஸ்ரீயை எடுப்பம்" என்றார். "அதை ரெண்டு விதமா எழுதலாம். அது மத்தியானம் வரைக்கும் காணும்."

நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. தெரியாமல் இருந்தபோது கோபம் மட்டும்தான் இருந்தது. தெரிந்த பிறகு, அவருக்காகப் பயப்படும் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் சொன்னபடியே ஸ்ரீயை எடுத்தார். வடமொழி எழுத்து எதற்கு என்று ஒரு கட்சி உடனே எழுந்தது, அது இல்லாமல் பாதிக் கோயில் ஊர்களின் பெயரையே எழுத முடியாதே என்று இன்னொரு கட்சி. வராந்தாவில் பியூன்கள் பெஞ்சுகளைத் தூக்கிவந்து அடுக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போது சிவபாதத்தின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவர், "மேலிடத்தில இருந்து" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. அவர் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார், நடுவில் இரண்டு முறை தலையசைத்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. உட்கார்ந்தார். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"ஐயா, எனக்கு இனி ஆட்சேபணை ஒண்டும் இல்லை" என்றார்.

முதல்வர் ஆச்சரியப்பட்டார். சாப்ரா நிமிர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கிறது. நான்கு வரிதான், கை தூக்கினால் முடிந்துவிடும்" என்றார். முதல்வர் இரண்டாவது தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

நான் சிவபாதத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தார். தூக்கச் சொன்னால் தூக்க வேண்டிய கை. என் போனில் மேலதிகாரியின் செய்தி வந்திருந்தது: முடிந்ததா? வேலை போய்விடும் என்று தோன்றியது. யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள் என்றுகூடத் தோன்றியது. பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாள் வவுனியாவில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மகன் பெயரைத் தட்டுவதை நினைத்தேன்.

கையைத் தூக்கினேன்.

"முதல் தாள்ல எனக்கு ஒரு சந்தேகம்" என்றேன். "ஆய்த எழுத்தைப் பத்தி."

அறையில் இருந்த தமிழாசிரியர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். மூன்று நாளாக யாரும் ஆய்தத்தை நினைக்கவே இல்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. முதல்வர் இரண்டாவது தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், கொஞ்சம் சுருக்கமா சொல்ல முடியுங்களா?"

"முடியாதுங்க" என்றேன்.

ஆய்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்கு மூன்று புள்ளி என்பதுதான். அந்த மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு பேசினேன். அது உயிரா மெய்யா, முகவரியின் முதலில் வரலாமா, இரண்டு ஆய்தம் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எனக்கு மூச்சு வாங்கியபோது ஒருவர் எழுந்து, அம்மையார் சொல்வது அடிப்படையிலேயே தவறு என்றார். அவருக்குக் கோடிப் புண்ணியம். அவரை மறுக்க இன்னொருவர் எழுந்தார். அதற்குப் பிறகு என் உதவி தேவைப்படவில்லை. கதவைத் திறந்துகொண்டு பெஞ்சுகள் உள்ளே வந்தன. பெஞ்சுகளுக்குப் பின்னால், ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள். மணி அடித்தது. சாப்ரா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உங்கள் மொழி மிகவும் பழமையானது" என்று என்னிடம் சொன்னார். கடிதம் எழுத்து அட்டவணையோடு மட்டும் போயிற்று.

வேலை போகவில்லை. என் மேலதிகாரிக்கு ஆய்தம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அது பிறகு தெரிந்த சமாச்சாரம். அன்றைக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். விமான நிலையத்துக்குப் போகும் வேன் பக்கத்தில் சிவபாதம் நின்றிருந்தார். அவருக்கு ஊரில் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார், நான் அழுதுவிடப் போகிறேன் என்று பயந்தேன்.

"தங்கச்சி, ஆய்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கப் பிழை" என்றார்.

"தெரியும் சார்" என்றேன்.

அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் விட்டார்.